குயிலலகும் கொழுந்துக் கூடையும்

மலையகத் தோட்டத் தொழிலாளரே இலங்கைப் பொருளாதாரத்தின் முதுகெலும்பு என்னும் வாசகத்தை மேடைதோறும் கேட்டு வருகிறோம். பாராட்டாகவே அது சொல்லப்படுகிறது. ஆயினும் அவ்வுவமையை அதன் நேர்ப்பொருளிலேயே எடுத்துக்கொண்டு, முதுகெலும்பு எவ்வாறு அமைந்துள்ளது, தோட்ட வாழ்வு அதனை எவ்வாறு பயன்படுத்தியது என்று ஆராய்ந்தோமாயின், பாராட்டு மறைத்து வைத்த சரித்திரம் வெளிப்படும்.

மனிதன் பிறக்கும்போது அவனது முள்ளந்தண்டில் பொதுவாக 33 முள்ளென்புகள் உள்ளன. கழுத்தில் 7, மார்புப் பகுதியில் 12, இடுப்பில் 5. இவற்றின் கீழுள்ள 5 என்புகள் வளர்ச்சியில் ஒன்றிணைந்து திருவென்பு ஆகின்றன. அதற்கும் கீழே, பெரும்பாலோரிடம் 4 சிற்றென்புகள் சேர்ந்து அமைவதே வாலெலும்பு. அதன் வளைந்த வடிவிலே குயிலின் அலகைக் கண்ட பண்டைக் கிரேக்க மருத்துவர் அப்பறவையின் பெயரையே அதற்கு இட்டனர். தமிழிலும் குயிலலகு என்கிறோம்.

நிற்கும்போது உடற்பாரம் முள்ளந்தண்டு வழியே திருவென்பை அடைந்து, இடுப்பென்புகள் மூலம் கால்களுக்கு இறங்குகிறது. குயிலலகுக்கு அதில் பங்கில்லை. உட்காரும்போது, சிறப்பாகப் பின்சாய்ந்து உட்காரும்போதுதான், அது பாரம் தாங்குகிறது. அடிவயிற்று உறுப்புகளைக் கீழிருந்து ஏந்தும் தசைகளும் அதனோடு பிணைந்துள்ளன. பிரசவத்தில் அது சற்றே பின்வளைந்து குழந்தைக்கு வழிவிடுகிறது. வாலுள்ள மூதாதையரின் எச்சம் இவ்வென்பு என்பதை டார்வின் 1871இல் வெளியிட்ட நூலில் எடுத்துக்காட்டினார். அவ்வெச்சம் துரைக்கும் உண்டு, கூலிக்கும் உண்டு.

அதற்கு அடுத்த ஆண்டு இலங்கையில் நிகழ்ந்த இரண்டு நிகழ்ச்சிகள் நம் சிந்தனைக்குரியன. மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்த டாக்டர் சாமுவேல் கிறீன், 1872இல் ‘மனுஷ அங்காதிபாதம்’ என்னும் உடற்கூற்று நூலைத் தமிழில் வெளிக்கொணர்ந்தார். அதே ஆண்டில் குடியேற்ற அரசு, தோட்டத் தொழிலாளருக்கென மருத்துவத் தேவைச் சட்டத்தை இயற்றியது. தமிழரின் என்புகளுக்குத் தமிழில் பெயர் கிடைத்துவிட்டது. ஆனால் மன்னார்க் கரையில் இறங்கிக் காடு கடந்து மாத்தளை நோக்கி நடந்த தமிழரோ, பசியாலும் வாந்திபேதியாலும் வழியிலேயே மடிந்து வந்தனர். அறிவு இருந்தது, அது உழைப்பவனை எட்டவில்லை.

1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டார். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழிக்க, நுவரெலியா, ஹட்டன் மலைகளெங்கும் தேயிலை பரந்தது. கொழுந்துக் கூடையின் கயிறு பெண்ணின் உச்சந்தலையில் மாட்டப்பட்டது. கூடை நிறைய நிறையக் கழுத்து அப்பாரத்தை ஏற்கிறது. சரிவில் கால் ஊன்ற முதுகு வளைகிறது. மழையில் வழுக்கி இருப்புப்பட விழுதலும் கடினமான பிரசவமும் குயிலலகைக் காயப்படுத்த வல்லவை என்பதை மருத்துவம் அறியும். ஆனால் தோட்டத்துத் தராசு கொழுந்தை மட்டுமே நிறுத்தது. எடை குறைந்தால் அரைப்பேர் விழுந்தது. 1927இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்த பின்னும், பெண்ணின் கூலி ஆணின் கூலியிலும் தாழ்வாகவே இருந்தது. சம கூலி 1984இல்தான், வேலைநிறுத்தத்தின் பின்னரே, கிடைத்தது.

வளைந்த முதுகு நிமிர்ந்ததும் சரித்திரமே. வேறு தோட்டத்துக்குப் போகவிடாமல் தொழிலாளியைக் கட்டிய துண்டு முறை 1921இல் ஒழிந்தது. கோ. நடேசய்யர் ஹட்டனை நிலைக்களனாகக் கொண்டு 1931இல் தொழிற்சங்கம் அமைத்தார். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டப் போராட்டத்தில் கோவிந்தன் பொலிசாரின் துப்பாக்கிக்கு இரையானார். 1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் 7 இடங்களை வென்றது. மறுமொழி விரைவில் வந்தது: 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றோராக்கிற்று. 1964ஆம் ஆண்டு சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களைக் கேளாமலே 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சியோருக்கு இலங்கைக் குடியுரிமை வழங்கும் சட்டம் வந்தது 2003இல்.

வாக்குரிமை திரும்பிற்று; நிலம் வரவில்லை. 1972, 1975ஆம் ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிர்வாகம் கம்பெனிகளிடம் சென்றது. கைமாறிய எந்த வேளையிலும் லயத்தில் வாழ்ந்தவனுக்குக் காணி பிரித்துக் கொடுக்கப்படவில்லை. பின்னாளில் 7 பேர்ச் காணியில் தனிவீடு என்னும் திட்டம் எழுந்தபோதிலும், பல்லாயிரம் குடும்பங்கள் இன்றும் லயங்களிலேயே வாழ்கின்றன.

நிற்கவும் சுமக்கவும் வேண்டிய என்புகள் அனைத்தையும் தோட்டம் தன் தேவைக்குப் பயன்படுத்திக்கொண்டது. உட்காரும்போது பாரம் ஏற்கும் அந்தக் கடையென்புக்கு மாத்திரம், குந்துவதற்கென்று சொந்தமாக ஒரு குடிநிலம் அளிக்கவில்லை. ஆதலின், முதுகெலும்பு என்று புகழ்வோரிடம் நாம் கேட்கவேண்டியது ஒன்றே: அம்மக்கள் தம் முதுகைச் சாய்க்கத் தமக்கே உரிய காணியை எப்போது எழுதித் தரப் போகிறீர்கள்?