பிரஸ்டன் மாதிரி: ஊர்ப் பணம் ஊருக்குள்

இங்கிலாந்தின் வடமேற்கில், ரிப்பிள் ஆற்றங்கரையில் உள்ள பிரஸ்டன், பஞ்சாலைகளால் வளர்ந்து பஞ்சாலைகளோடு நலிந்த ஊர். நூற்பு இயந்திரத்தால் பெயர்பெற்ற ரிச்சர்ட் ஆர்க்ரைட் 1732இல் பிறந்தது இங்கேதான். இன்று ஏறக்குறைய ஒன்றரை லட்சம் பேர் வாழும் இந்நகரின் பெயர் உள்ளாட்சி பற்றிய பேச்சில் அடிபடுவதற்குக் காரணம் வேறு. வெளி முதலீட்டுக்காகப் பல ஆண்டுகள் காத்திருந்து ஏமாந்த நகர மன்றம், ஊருக்குள் ஏற்கெனவே புழங்கும் பொதுப்பணம் எங்கே போகிறது என்று கணக்குப் பார்க்கத் தொடங்கியது. அந்த முயற்சியைத்தான் ‘பிரஸ்டன் மாதிரி’ என்கிறார்கள்.

ஏமாற்றத்தின் பெயர் டைத்பார்ன் திட்டம். நகரின் நடுப்பகுதியைப் புதுப்பித்து 70 கோடி பவுண்டில் பெரிய வணிக வளாகம் எழுப்புவதாக இருந்தது. அதன் முதன்மைக் கடையாக வரவிருந்த ஜான் லூயிஸ் நிறுவனம் 2011 நவம்பரில் விலகியதும் திட்டம் அப்படியே சரிந்தது. மத்திய அரசின் மானியங்கள் வெட்டப்பட்டுக்கொண்டிருந்த காலம் அது. வெளியிலிருந்து பணம் வரும் வழி இரண்டும் ஒரே சமயத்தில் அடைபட்டன.

அப்போது மன்ற உறுப்பினராக இருந்த மேத்யூ பிரவுன் (பின்னர் 2018இல் மன்றத் தலைவரானார்) அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரைக் கவனித்தார். அங்கே மருத்துவமனைகளும் பல்கலைக்கழகமும் வாங்கும் சேவைகளைக் கொண்டே எவர்கிரீன் என்னும் தொழிலாளர் கூட்டுறவுகள் வளர்க்கப்பட்டிருந்தன. மான்செஸ்டரைச் சேர்ந்த ஓர் ஆய்வு மையத்தின் துணையோடு பிரஸ்டன் தன் ஊரில் உள்ள அத்தகைய பெரிய நிறுவனங்களை ஒரே மேசைக்கு அழைத்தது: நகர மன்றம், பிரஸ்டன் அடங்கிய லங்காஷயர் கவுண்டியின் மன்றம், காவல்துறை, கல்லூரிகள், ஒரு வீட்டுவசதிச் சங்கம். லாபம் குறைந்தால் தொழிற்சாலை வேறு நாட்டுக்குப் போய்விடும். கல்லூரியும் காவல்நிலையமும் போக முடியாது. ஊரோடு கட்டுண்டவை என்பதால் இவற்றை ‘நங்கூர நிறுவனங்கள்’ என்று குறிப்பிடுகிறார்கள்.

கணக்கு அதிர்ச்சி தந்தது. 2012–13இல் இந்நிறுவனங்கள் பொருள்களுக்கும் சேவைகளுக்குமாகச் செலவிட்ட சுமார் 75 கோடி பவுண்டில், பிரஸ்டனுக்குள் நின்றது வெறும் 5 விழுக்காடு. லங்காஷயர் கவுண்டி முழுவதையும் சேர்த்தாலும் 39 விழுக்காடுதான். மீதி ஆண்டுதோறும் வெளியே போய்க்கொண்டிருந்தது.

உள்ளூர்க்காரருக்கே ஒப்பந்தம் என்று எழுதிவைக்கச் சட்டம் இடம் தரவில்லை. போட்டி திறந்ததாக இருக்க வேண்டும். ஆகவே மாற்றம் நடந்த இடம் டெண்டர் தாள்தான். கவுண்டி மன்றம் உணவுப் பொருள் வாங்கியதை எடுத்துக்கொள்ளலாம். மொத்தமாக ஒரே ஒப்பந்தமாக விட்டால், அதைத் தாங்கும் வலு பெரிய நிறுவனத்துக்கு மட்டுமே உண்டு. நாலு பண்ணைகளிடம் பால் எடுக்கும் வியாபாரி விண்ணப்பத்தைத் தொடக்கூட மாட்டார். அதைத் துண்டு துண்டாகப் பிரித்தார்கள். தயிருக்கு ஒரு டெண்டர், முட்டைக்கு ஒரு டெண்டர். படிவம் நிரப்பத் தெரியாதவர்களுக்கு அதிகாரிகளே சொல்லிக்கொடுத்தார்கள். லங்காஷயர் விவசாயிகளிடம் கொள்முதல் செய்யும் உள்ளூர் வியாபாரிகள் எல்லாத் துண்டுகளையும் வென்றார்கள். கவுண்டிக்கு இதனால் கிடைத்த பலன் 20 லட்சம் பவுண்டு என்று மதிப்பிட்டார்கள். இதற்கெனப் புதுச் சட்டமும் இல்லை, கூடுதல் நிதியும் இல்லை. இந்த மாதிரியின் உயிர் இங்கேதான் இருக்கிறது. விலையோடு சேர்த்து, எத்தனை பேருக்குத் தொழிற்பயிற்சி கிடைக்கும் என்பது போன்ற சமூகப் பயனையும் ஒப்பந்தம் தரும்போது எடைபோட 2012ஆம் ஆண்டின் சமூக மதிப்புச் சட்டம் வழி திறந்திருந்தது.

கண்ணால் பார்க்கக்கூடிய சான்று நகரச் சந்தை. இரும்புத் தூண்கள் தாங்கும் அதன் பெரிய கூரை 1875இல் முடிந்தது. அதன்கீழ் கண்ணாடிச் சுவர்களோடு எழுந்த புதிய சந்தைக்கூடம் 2018இல் திறக்கப்பட்டது. கட்டியது கான்லன் என்னும் உள்ளூர் நிறுவனம். கவுண்டி ஊழியர்களின் ஓய்வூதிய நிதியில் ஒரு பகுதியும் தொலைதூரப் பங்குச்சந்தைக்குப் போகாமல் நகரின் மாணவர் விடுதிகளில் முதலீடு ஆனது. 2012இலேயே நகர மன்றம் தன் ஊழியர்களுக்குச் சட்டம் கேட்கும் குறைந்தபட்சக் கூலியைவிட உயர்ந்த ‘வாழ்வூதியம்’ தரத் தொடங்கி, மற்றவர்களையும் அதற்கு இழுத்தது.

நான்கே ஆண்டுகளில் எண்கள் மாறின. 2016–17இல் பிரஸ்டனுக்குள் நின்ற பங்கு 18.2 விழுக்காடு, அதாவது 11.23 கோடி பவுண்டு. லங்காஷயரில் 79.2 விழுக்காடு, 28.87 கோடியாக இருந்தது 48.87 கோடி பவுண்டாக உயர்ந்தது. சிக்கனத்தால் மொத்தச் செலவு சுருங்கிய காலத்தில் இது நடந்தது என்பதை மறந்துவிடக் கூடாது.

வேலையின்மை குறைந்ததற்கெல்லாம் இதையே காரணமாகக் காட்டுவது சரியல்ல, ஏனென்றால் நாடு முழுவதும் அப்போது குறைந்தது. ஆனால் 2023இல் ‘லான்செட் பப்ளிக் ஹெல்த்’ இதழ் வெளியிட்ட ஆய்வு, பிரஸ்டனை அதே நிலையில் உள்ள பிற பகுதிகளோடு ஒப்பிட்டுப் பார்த்தது. எதிர்பார்த்ததைவிட இடைநிலைக் கூலி 11 விழுக்காடும் வாழ்க்கை நிறைவு 9 விழுக்காடும் கூடியிருந்தன. மனச்சோர்வு மருந்துப் பரிந்துரையும் குறைந்திருந்தது. டெண்டர் தாளில் செய்த திருத்தம் ஒரு வீட்டின் மன அமைதி வரை எட்டுகிறது என்று அளந்து காட்டிய ஆய்வுகள் அரிது.

எல்லா ஊரும் இப்படித் தன் பணத்தைத் தானே வைத்துக்கொண்டால் பக்கத்து ஊர் என்ன ஆகும் என்று பொருளியலாளர்கள் சிலர் கேட்கிறார்கள். வெளியேறிய பணம் பக்கத்து ஊருக்குப் போகவில்லை, தொலைவில் உள்ள பெரிய நிறுவனங்களின் பங்குதாரர்களுக்கே போனது என்பது பிரவுன் தரப்பின் பதில். அது பெரும்பாலும் நிற்கும் பதில்தான். என்றாலும் சின்னஞ்சிறு மன்றங்கள் ஆளுக்கொரு வேலி போட்டால் விலை ஏறும் என்ற கவலையைத் தள்ளிவிட முடியாது. கூட்டுறவுகளை வளர்க்கும் பகுதியும் எதிர்பார்த்த வேகம் பிடிக்கவில்லை, தொடங்கியவை சிறியவை.

டைத்பார்ன் வளாகத்துக்கென ஒதுக்கிய பரப்பின் ஒரு பகுதியில், 1970களின் பழைய உள்ளரங்குச் சந்தை இடிக்கப்பட்ட மனையில், 2025இல் ‘அனிமேட்’ என்ற பொழுதுபோக்கு வளாகம் திறக்கப்பட்டது. திரையரங்கும் பந்து உருட்டும் கூடமும் உணவகங்களும் கொண்ட அந்தக் கட்டடத்தின் உரிமையாளர் பிரஸ்டன் நகர மன்றமே. வாடகை அதன் கருவூலத்துக்கு வருகிறது.