டிராம்போனுக்கு அளவெடுப்பவர்கள்

பள்ளிக்கூட பேண்டில் டிராம்போன் வாசிக்கிற உங்களில் சிலர் பதினாறு, பதினேழு வயதில் ஒரு கேள்வியில் வந்து நிற்பீர்கள். பள்ளி கொடுத்த வாத்தியம் இனிப் போதாது. இசைக் கல்லூரியில் சேர நடுவர்கள் முன் வாசித்துக் காட்ட வேண்டும். ஆசிரியர் சில சிறு பட்டறைகளின் பெயரைச் சொல்கிறார். அந்தப் பட்டறையின் விலைப்பட்டியலைக் கையில் எடுத்தால் தலை சுற்றுகிறது. பெல் எந்த உலோகம்? எவ்வளவு தடிமன்? ஒரே தகடா, இரண்டு துண்டா? வால்வு எந்த வகை? விலை பல ஆயிரம் டாலர். வீட்டில் அப்பாவும் அம்மாவும் உங்கள் முகத்தைப் பார்க்கிறார்கள், உங்களுக்கு ஏதோ தெரியும் என்று நம்பி.

இத்தனை கேள்விகள் எங்கிருந்து வந்தன என்று தேடிப் போனால் ஐந்நூறு வருடக் கதை வருகிறது. அது தெரிந்தால், அந்தப் பட்டியலில் எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம் என்பதும் ஓரளவு தெரிந்துவிடும்.

வாசிக்காதவர்களுக்கு ஒரு வரி: டிராம்போன் என்பது ஏறத்தாழ 2.7 மீட்டர் நீளமுள்ள ஒரு பித்தளைக் குழாய். அதை இரண்டாக மடித்து, நடுவில் ஒரு பகுதியை இழுத்து நீட்டும்படி செய்திருக்கிறார்கள். கை நீள நீள சுருதி இறங்கும். பதினைந்தாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் உருவானபோதும் இதுதான் அடிப்படை, இன்றும் இதுதான். அன்றைய பெல் இன்றையதைவிட மிகச் சிறியது. ஒலியும் மெலிது, தேவாலயத்தில் பாடகர்களோடு சேர்ந்து நிற்பதற்கு ஏற்றது.

அந்தக் காலத்தில் நல்ல டிராம்போன் வேண்டுமென்றால் ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரத்துக்கு எழுதிக் கேட்க வேண்டும். நொய்ஷெல், ஷ்னிட்ஸர், ஹைன்லைன் என்று சில குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே இதைச் செய்தன. ஆண்டு பொறிக்கப்பட்டு நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய டிராம்போன், 1551இல் எராஸ்முஸ் ஷ்னிட்ஸர் செய்தது; அதே நகரத்து அருங்காட்சியகத்தில்தான் இருக்கிறது.

எனக்குப் பிடித்தவர் ஹான்ஸ் நொய்ஷெல். இவர் நகரத்தின் சம்பளம் வாங்கிய இசைக்காரர், டிராம்போன் வாசிப்பதில் பேர் பெற்றவர். அதே கையால் டிராம்போன் செய்தார். பேரரசர் முதலாம் மாக்ஸிமிலியனின் ஊர்வலத்தைக் காட்டும் புகழ்பெற்ற மரச்செதுக்குப் படவரிசையில், ஊதுவாத்தியக்காரர்களின் வண்டிக்குத் தலைவராக இவர் பெயர் வருகிறது. போப் பத்தாம் லியோவுக்கு வெள்ளியில் டிராம்போன்கள் செய்து கொடுத்தார் என்று நியூரம்பெர்க் கைவினைஞர்களைப் பற்றி 1547இல் எழுதிய நொய்டார்ஃபர் குறித்து வைத்திருக்கிறார். ஆக 'சொல்லிச் செய்வது' என்பது நேற்று வந்த ஆடம்பரம் இல்லை. அன்றைக்கு வாத்தியம் கிடைத்த வழியே அதுதான். செய்தவருக்கு ஊதத் தெரியும் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

அடுத்த இருநூறு, முந்நூறு வருடங்களை வேகமாகக் கடந்துவிடலாம். டிராம்போன் பல ஊர்களில் மங்கிப்போய், பிறகு ஓபராவிலும் சிம்பொனியிலும் திரும்பி வந்தது. 1808இல் பேத்தோவன் தன் ஐந்தாம் சிம்பொனியின் கடைசிப் பகுதியில் மூன்று டிராம்போன்களை வைத்தார். ஆர்கெஸ்ட்ரா பெருக்கப் பெருக்க, குழாயும் அகன்றது, பெல்லும் விரிந்தது. 1839இல் லைப்சிக் நகரத்து ஸாட்லர் ஒரு வால்வைச் சேர்த்தார். இடது கைக் கட்டைவிரலால் அழுத்தினால் ஏறத்தாழ ஒரு மீட்டர் குழாய் கூடுதலாகத் திறக்கும், தாழ்ந்த சுரங்கள் எளிதாகும். இன்று நீங்கள் பார்க்கும் பெரிய டிராம்போன்களில் பின்பக்கம் சுருண்டு கிடப்பது அந்தக் குழாய்தான்.

அடுத்த பெரிய மாற்றம் அமெரிக்காவில். இண்டியானா மாநிலத்தில் எல்க்ஹார்ட் என்று ஒரு சின்ன ஊர். அங்கே சார்லஸ் கான் என்பவர் 1870களில் தொடங்கிய தொழில் பெரிய தொழிற்சாலையாக வளர்ந்து, ஊரே பித்தளை வாத்திய ஊராயிற்று. பள்ளி பேண்டு, ராணுவ பேண்டு, நடன அரங்கு என்று எல்லோருக்கும் வாத்தியம் தேவைப்பட்டது. ஒரு கைவினைக் குடும்பத்தால் அத்தனை பேருக்குச் செய்து கொடுக்க முடியாது. தொழிற்சாலை இல்லாவிட்டால் நம்மில் ஒருவர்கூட பள்ளியில் டிராம்போனைத் தொட்டிருக்க மாட்டோம். அதனால் தொழிற்சாலையைத் திட்டும் கட்டுரை அல்ல இது.

அதே காலத்தில் நியூயார்க்கில் இன்னொருவர். வின்சென்ட் பாக், 1890இல் வியன்னாவுக்குப் பக்கத்தில் பிறந்தவர். பொறியியல் படித்துவிட்டு, வேலையை விட்டு டிரம்பெட் வாசிக்கப் போனார். (நானும் பொறியியல் படித்தவன், அவர் வீட்டில் அன்று என்ன நடந்திருக்கும் என்று என்னால் ஊகிக்க முடிகிறது.) 1914இல் அமெரிக்கா வந்து பாஸ்டன் சிம்பொனியில் வாசித்தார். 1918இல் ஒரு கடைசல் எந்திரத்தை வைத்துக்கொண்டு மவுத்பீஸ் செய்யத் தொடங்கினார். 1924இல் டிரம்பெட், 1928இல் டிராம்போன். 1953இல் பட்டறை நியூயார்க்குக்குப் பக்கத்து மவுண்ட் வெர்னன் என்ற இடத்துக்குப் போனது. நொய்ஷெல் போலவே ஊதத் தெரிந்த ஒருவர், கூடவே மில்லிமீட்டரில் யோசிக்கவும் தெரிந்தவர்.

1961இல் பாக் தன் நிறுவனத்தை செல்மருக்கு விற்றார். 1965இல் எல்லாம் எல்க்ஹார்ட்டுக்கு மாறியது. கான் நிறுவனமும் 1969இல் ஒரு புத்தகப் பதிப்பு நிறுவனத்தின் கைக்குப் போனது. 1970களில் அதன் பித்தளை வாத்தியத் தயாரிப்பு டெக்ஸஸ் மாநிலத்து ஆபிலீனுக்கு மாற்றப்பட்டது. எந்திரத்தையும் அச்சையும் லாரியில் ஏற்றலாம். இருபது வருடம் பெல் அடித்த ஆளை அவர் வீட்டிலிருந்து பெயர்த்து ஏற்ற முடியுமா?

பெல் அடிப்பது என்றால் சும்மா இல்லை. தட்டையான பித்தளைத் தகட்டை வெட்டி, மடித்து, விளிம்பைப் பற்றவைத்து, சுத்தியலால் அடித்து, சூடாக்கி மென்மையாக்கி, மறுபடி அடித்து, பிறகு சுழலும் இரும்பு அச்சில் வைத்து இழைத்து இறக்க வேண்டும். எப்போது சூடு போதும், எந்த இடத்தில் தகடு மெலிகிறது என்பதெல்லாம் வரைபடத்தில் பாதிதான் இருக்கும். மீதி கையில் இருக்கும்.

வாசிப்பவர்கள் அப்போது என்ன செய்தார்கள்? பழையதைத் தேடினார்கள். பெல்லில் 'மவுண்ட் வெர்னன்' என்று பொறித்த பாக், எல்க்ஹார்ட்டில் செய்த கான் 88எச், இவற்றுக்குத் தனி மரியாதை வந்தது. கிடைத்ததை வாங்கி, ஒன்றின் பெல்லையும் இன்னொன்றின் ஸ்லைடையும் சேர்த்துப் பொருத்திக் கொடுக்கச் சொல்லிப் பழுதுபார்ப்பவர்களிடம் போனார்கள். லாஸ் ஏஞ்சல்ஸில் லாரி மினிக் போன்றவர்கள் அந்த வேலையில் பேர் வாங்கினார்கள். இன்றைய சிறு பட்டறைகளின் பிறப்பிடம் இந்தப் பழுதுபார்க்கும் மேசைதான்.

இன்னொரு காரணம் வால்வு. பழைய சுழல் வால்வில் காற்று இரண்டு இடத்தில் சட்டென்று திரும்ப வேண்டும். வாசிப்பவருக்கு மூச்சு எங்கோ முட்டுவது போல் இருக்கும். எட் தேயர் என்ற அமெரிக்கர் 1970களில் கூம்பு வடிவ வால்வு ஒன்றை வடிவமைத்தார். அதில் காற்று கிட்டத்தட்ட நேராகப் போகும். பார்க்க ஒரு சின்ன குண்டுக் கூடை மாதிரி இருக்கும். அந்த ஆரம்ப வால்வுகள் சில சமயம் காற்றுக் கசிந்து தொல்லை கொடுத்தன என்றாலும், பெரிய கம்பெனி செய்வதற்கு வெளியே ஒரு வழி உண்டு என்பதை எல்லோருக்கும் காட்டிவிட்டன. ஜெனீவாவில் ஹாக்மன் ஒரு வால்வு செய்தார். மில்வாக்கி சிம்பொனியில் டிராம்போன் வாசித்த கேரி கிரீன்ஹோ இன்னொன்று செய்தார். மறுபடியும் ஊதத் தெரிந்தவர்!

1980களின் கடைசியில் விஸ்கான்சின் மாநிலத்து எல்க்ஹார்னில் எட்வர்ட்ஸ் நிறுவனம் ஒரு விஷயத்தைத் துணிந்து செய்தது. (எல்க்ஹார்ட் வேறு, எல்க்ஹார்ன் வேறு. நானும் முதலில் வரைபடத்தைப் பார்த்தேதான் நம்பினேன்.) டிராம்போனைத் துண்டு துண்டாகக் கழற்றி மாற்றும்படி செய்தார்கள். பெல் தனி, டியூனிங் ஸ்லைடு தனி, கை ஸ்லைடு தனி. மவுத்பீஸ் நுழையும் இடத்தில் உள்ள சின்னக் குழாயான லீட்பைப்பையும் திருகிக் கழற்றலாம். 1995இல் மாசச்சூசெட்ஸில் ஸ்டீவ் ஷயர்ஸ் தொடங்கிய பட்டறையும், இங்கிலாந்தின் யார்க்ஷையரில் மைக்கேல் ராத் 1990களில் தொடங்கிய பட்டறையும் இதே வழியில் போயின. மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு இது பழகிய யோசனை: ஒவ்வொரு பகுதியையும் தனியாக மாற்றிப் பார், எது எதைச் செய்கிறது என்று தெரியும்.

ஆனால் அதே யோசனைக்கு ஒரு விலையும் உண்டு. ஒரு பட்டறையில் பத்து பெல், நான்கு டியூனிங் ஸ்லைடு, மூன்று வால்வு, ஐந்து கை ஸ்லைடு, மூன்று லீட்பைப் இருப்பதாக வையுங்கள். 10 × 4 × 3 × 5 × 3 = 1800 டிராம்போன்கள். வின்சென்ட் பாக் தன் காதால் தேர்ந்தெடுத்து ஒன்றைக் கொடுத்தார். இப்போது தேர்வு உங்கள் தலையில்.

இங்கேதான் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். விலைப்பட்டியலில் அதிகம் பேசப்படுவது பெல்லின் உலோகம். மஞ்சள் பித்தளையில் செம்பு சுமார் 70 சதவீதம், தங்கப் பித்தளையில் 85, சிவப்புப் பித்தளையில் 90. ஒன்று 'பளிச்' என்று இருக்கும், மற்றது 'கதகதப்பாக' இருக்கும் என்பார்கள். 1980களில் ரிச்சர்ட் ஸ்மித் என்ற பிரிட்டிஷ் ஒலியியலாளர், வேறு வேறு தடிமன் உள்ள பெல்களை ஒரே மாதிரி டிராம்போன்களில் மாட்டி, எது எது என்று தெரியாதபடி மறைத்து, மிகச் சிறந்த வாசிப்பாளர்களிடம் கொடுத்தார். அவர்களால் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியவில்லை. குழாயின் உள்வடிவம்தான் ஒலியைப் பெரிதும் தீர்மானிக்கிறது என்பது அவர் வாதம். இதை வாசிப்பாளர்களிடம் சொன்னால் இன்றும் சண்டைக்கு வருவார்கள். என் படிப்பு என்னை ஸ்மித் பக்கம்தான் சாய்க்கிறது.

அதனால் வரிசையை மாற்றிப் பாருங்கள். முதலில் கை ஸ்லைடு. இரண்டு உள்குழாய்கள் இரண்டு வெளிக்குழாய்களுக்குள் உரசாமல் ஓட வேண்டும். நான்கும் நேராகவும் ஒன்றுக்கொன்று இணையாகவும் இருந்தால்தான் அது நடக்கும். சிறு பட்டறையின் உண்மையான திறமை இங்கே தெரியும், பணமும் இங்கே நியாயமாகும். அடுத்து குழாயின் உள்விட்டம்: ஆர்கெஸ்ட்ராவுக்கு வழக்கமாக 13.9 மில்லிமீட்டர், ஜாஸுக்கு 13க்குள். நீங்கள் எங்கே வாசிக்கப் போகிறீர்கள் என்று தெரியாமல் இதைத் தேர்ந்தெடுக்க முடியாது. பிறகு லீட்பைப், அது விலை குறைவு, வித்தியாசம் அதிகம். பிறகு வால்வு. உலோகத்தின் பெயர் கடைசியில் வரட்டும்.

சிறு பட்டறை என்ற பெயரை மட்டும் நம்பவும் வேண்டாம். ஷயர்ஸ் பட்டறையை 2010களில் ஈஸ்ட்மன் என்ற பெரிய நிறுவனம் வாங்கிவிட்டது. அங்கே இப்போதும் நல்ல வாத்தியங்கள் வருகின்றன. எல்க்ஹார்ட்டின் பாக் தொழிற்சாலையில் 2006 ஏப்ரலில் இருநூற்றுக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள், அது மூன்று வருடத்துக்கு மேல் நீடித்தது, அவர்கள் இடத்தில் புதியவர்கள் எடுக்கப்பட்டார்கள். நம் பள்ளி அலமாரியில் இருக்கும் வாத்தியத்தைச் செய்த கைகள் யாருடையவை என்று அந்த வருடங்களில் வாங்கியவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

நல்ல பட்டறைகளில் நேரில் போனால் ஒரு அறையில் உட்கார வைப்பார்கள். ஒருவர் துண்டுகளை மாற்றி மாற்றி மாட்டித் தருவார், நீங்கள் ஒரே நான்கு வரியைத் திரும்பத் திரும்ப வாசிப்பீர்கள். உங்கள் சொந்த மவுத்பீஸைக் கொண்டுபோங்கள். ஆசிரியரையோ, காது கூர்மையான ஒரு தோழரையோ கூட்டிப்போய் அறையின் மறு மூலையில், முதுகு காட்டி உட்காரச் சொல்லுங்கள். எந்தப் பெல் என்று அவருக்குத் தெரிய வேண்டாம். இரண்டு மணி நேரத்துக்கு மேல் உதடு தாங்காது, அதற்குப் பிறகு கேட்பதை நம்பாதீர்கள். துண்டு மாற்றித் தருகிறவர் தானும் ஒருமுறை எடுத்து ஊதிக் காட்டினால், அவர் எதைக் கேட்டுவிட்டுத் தலையாட்டுகிறார் என்று பாருங்கள்.