கார் டயரை பைக்குக்கு மாட்டலாமா? – ஒரு டயர் வரலாறு

போன வாரம் பொத்தேரி ஸ்டேஷன் பக்கத்துல ஒரு பஞ்சர் கடையில வண்டியை விட்டுட்டு உட்கார்ந்திருந்தேன். காலேஜ் பையன் ஒருத்தன் புல்லட்டுல வந்து இறங்கினான். "அண்ணே, இதுக்குப் பின்னாடி கார் டயர் போட முடியுமா? அமெரிக்காவுல எல்லாம் போடறாங்கண்ணே. ரொம்ப நாள் உழைக்குதாம்" என்றான். கடைக்காரர் டியூபைத் தண்ணியில முக்கிக்கிட்டே தலையைத் தூக்காமல் சொன்னார்: "போடலாம் தம்பி. தேஞ்ச பிறகு கழட்டி வேற மாட்டறதுக்கு நீ இருக்கணுமே!"

எல்லாரும் சிரிச்சாங்க. நானும்தான். ஆனா எனக்கு எங்க மாமா ஞாபகம் வந்துடுச்சு. மாமா கதைக்குக் கடைசியில வரேன். அதுக்கு முன்னாடி கொஞ்சம் கொசுவத்தி சுத்திட்டு, டயர் பிறந்த காலத்துக்கே போயிட்டு வந்துடலாம். ஏன்னா அந்தப் பையன் கேட்டது அப்படி ஒண்ணும் முட்டாள்தனமான கேள்வி இல்லை. ஒரு காலத்துல கார் டயரும் பைக் டயரும் ஒரே வயித்துல பிறந்த பிள்ளைங்கதான்.

காத்தடிச்ச டயருக்கு முதல் காப்புரிமை வாங்கியவர் ஸ்காட்லாந்துக்காரர் ராபர்ட் வில்லியம் தாம்சன். வருஷம் 1845. அப்போ கார் இல்லை, பைக் இல்லை, ஒழுங்கான சைக்கிள் கூட இல்லை. குதிரை வண்டிக்காக யோசிச்சார். ஜனங்க சீந்தலை. நாற்பது வருஷம் கழிச்சு பெல்ஃபாஸ்ட் நகரத்துல இருந்த ஜான் பாய்ட் டன்லப் என்கிற மாட்டு டாக்டர் (ஆமாங்க, வெட்னரி டாக்டர்தான்) தன் மகனோட மூணு சக்கர சைக்கிள் கல்லு ரோட்டுல கடகடன்னு போறதைப் பார்த்து, ரப்பர் குழாயில காத்தடிச்சு சக்கரத்துல சுத்தினார். 1888-ல் காப்புரிமை. ஆக, இன்னிக்கு நாம ஓட்டற எல்லா டயருக்கும் பாட்டன் ஒரு சின்னப் பையனோட ட்ரை சைக்கிள் டயர். மூணு சக்கரம் என்பதை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி உதவும்.

1895-ல் பிரான்சின் மிஷலின் சகோதரர்கள் பாரிஸ் – போர்தோ – பாரிஸ் பந்தயத்துல காத்தடிச்ச டயர் மாட்டின காரை ஓட்டினாங்க. வழி முழுக்க பஞ்சர். பந்தயத்துல ஜெயிக்கலை, ஆனா காருக்கும் காத்து டயர் மாட்டலாம்னு உலகத்துக்குக் காட்டிட்டாங்க. அந்தக் காலத்து கார் டயரைப் படத்துல பார்த்தீங்கன்னா சைக்கிள் டயருக்கு அண்ணன் மாதிரி ஒல்லியா, உருண்டையா இருக்கும்.

இந்த ஒற்றுமை எவ்வளவு தூரம் போச்சுன்னு சொல்ல ஒரு உதாரணம் போதும். பழைய பத்திரிகைக் கதைகள்ல 'பேபி ஆஸ்டின்' கார் வரும், படிச்சிருப்பீங்க. 1922-ல் இங்கிலாந்தில் வந்த ஆஸ்டின் செவன் கார்தான் அது. 1920களின் கடைசி, 30களின் தொடக்கத்துல வந்த பேபி ஆஸ்டினோட டயர் அளவு 3.50-19. அதாவது டயர் தடிமன் மூணரை இஞ்ச், ரிம் விட்டம் 19 இஞ்ச். இப்போ நம்ம திருவொற்றியூருக்கு வாங்க. 1955-ல் மெட்ராஸ்ல என்ஃபீல்டு இந்தியா தொடங்கி புல்லட் பண்ண ஆரம்பிச்சாங்க. காலங்காலமா நாம பார்த்த அந்த புல்லட்டோட டயர் அளவு 3.25-19. கால் இஞ்ச்தான் வித்தியாசம்! உலகத்துல பேபி ஆஸ்டினை இன்னும் பத்திரமா வெச்சிருக்கிறவங்க மோட்டார் சைக்கிள் டயரை மாட்டி ஓட்டறதும் உண்டு.

அப்புறம் எங்கே பிரிஞ்சாங்க?

கார் கனமாச்சு, வேகமாச்சு. 1920கள்ல காத்து கம்மியா அடிக்கிற குண்டு டயர், அதாவது பலூன் டயர் வந்தது. ரிம் சின்னதாகி டயர் தடியாச்சு. நம்ம அம்பாசடருக்கு 5.90-15, பத்மினிக்கு 5.20-14, மாருதி 800-க்கு வெறும் 12 இஞ்ச் ரிம். இதுக்கு நடுவுல 1940களின் கடைசியில மிஷலின் கம்பெனி ரேடியல் டயரைக் கொண்டு வந்தது. ரோட்டுல படற பகுதிக்கு அடியில இரும்புக் கம்பிப் பட்டை போட்டு அதை விறைப்பாக்கி, பக்கச் சுவரை மட்டும் வளைஞ்சு கொடுக்க விட்டாங்க. நாளாக ஆக கார் டயரோட முகம் பலகை மாதிரி தட்டையாயிடுச்சு. காருக்கு அதுதான் நல்லது. கார் எப்பவும் நாலு கால்ல நிமிர்ந்து நிக்குது, முழு அகலமும் ரோட்டுல படியணும்.

பைக் டயர் மட்டும் உருண்டையாவே நின்னுடுச்சு. பழமை விரும்பி என்பதால இல்லை. பைக் திரும்பணும்னா சாயணும். ஒரு சின்ன சோதனை. டீக்கடை பேப்பர் கப்பைப் படுக்க வெச்சு உருட்டி விடுங்க. நேரா போகாது, அடிப்பக்கமா வட்டம் போடும். சாய்ஞ்ச பைக் டயரும் அதே வேலையைத்தான் செய்யுது. அதோட உருண்டை ஓரம் ரோட்டைப் பிடிச்சுக்கிட்டு வண்டியை வளைவுக்குள்ள இழுக்குது. எவ்வளவு சாய்ஞ்சாலும் கொஞ்சம் ரப்பர் ரோட்டைத் தொட்டுக்கிட்டே இருக்கும். தட்டையான கார் டயரை அங்கே மாட்டினா என்ன ஆகும்? நேரா போற வரைக்கும் ராஜா மாதிரி போகும். சாய்ச்சா பாதி முகம் தூக்கிக்கும். மூலை மட்டும்தான் தரையில. டயர் 'என்னை நிமிர்த்து, நிமிர்த்து'ன்னு அடம் பிடிக்கும். போதாக்குறைக்கு ரிம்முல டயரோட கம்பி விளிம்பு உட்காருற இடத்தோட வடிவமும் காருக்கு வேற, பைக்குக்கு வேற.

அந்தப் பையன் சொன்ன அமெரிக்கா கதை நிஜம்தான். 2001-ல் வந்த ஹோண்டா கோல்டு விங் 1800 மாதிரி ராட்சச பைக்குகளுக்குப் பின்னாடி 16 இஞ்ச் ரிம். அதே எண்ணுல கார் டயர் கிடைக்குது, விலை கம்மி, தேய்மானமும் கம்மி. அதனால சிலர் மாட்டறாங்க. அதுக்கு அவங்களே வெச்சிருக்கிற பேரு 'இருட்டுப் பக்கம்'. டயர் கம்பெனிகள் வேண்டவே வேண்டாம் என்கின்றன. அங்கே நூலு பிடிச்ச மாதிரி நூறு மைல் நேர் ரோடு. நம்ம கூடுவாஞ்சேரி மார்க்கெட்டுல ஷேர் ஆட்டோவுக்கும் மாட்டுக்கும் நடுவுல வளைஞ்சு வளைஞ்சு போற பொழப்புக்கு அது சரிப்படுமா?

சரி, அப்போ டயரை மாத்தி மாட்டறதே தப்பா? இல்லவே இல்லை. நம்ம ஊர் வரலாறே டயர் மாத்தி மாட்டின வரலாறுதான். சின்ன வயசுல மதுராந்தகம் பஸ்ல போகும்போது படாளம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏத்திப் போற டயர் வண்டிகளைப் பார்ப்பேன். மரச் சக்கரத்துக்குப் பதிலா ரப்பர் டயர் போட்ட மாட்டு வண்டி. கார்ல, லாரியில தேய்ஞ்ச டயருக்கு அங்கே இரண்டாவது வாழ்க்கை. இரும்புப் பட்டா மாதிரி ரோட்டைக் கிழிக்காது, மாட்டுக்கும் இழுக்க சுலபம். ஐரோப்பாவுல சைடுகார் வெச்ச பைக்குக்குக் கார் டயர் போடறது ரொம்ப நாள் வழக்கம். தாம்பரம் பக்கம் பழைய ஸ்கூட்டர் எஞ்சின் மாட்டி ஓடின மீன்பாடி வண்டியில எந்த டயர் இருக்கும்னு ஓட்டறவருக்கே தெரியாது (அதோட பிரேக்கும் லைசென்ஸும் தனிக்கதை, இப்போ வேண்டாம்).

இதுல எல்லாத்துலயும் பொதுவா என்ன இருக்கு பாருங்க. மாட்டு வண்டி சாயாது. சைடுகார் வண்டி சாயாது. மீன்பாடி வண்டி சாயாது. நிமிர்ந்து ஓடற வண்டிக்கு நிமிர்ந்து ஓடற டயரைக் கடன் வாங்கலாம். சாயற வண்டிக்குக் கூடாது. இவ்வளவுதான் மேட்டர்.

இப்போ மாமா.

ஆட்டோ ரிக்‌ஷாவும் ஸ்கூட்டரும் சொந்தக்காரங்க. இத்தாலியில பியாஜியோ கம்பெனி 1946-ல் வெஸ்பா ஸ்கூட்டரையும், 1948-ல் அதையே மூணு சக்கரமாக்கி 'ஆபே' வண்டியையும் கொண்டு வந்தது. இரண்டையும் வடிவமைச்சவர் ஒரே ஆளு, கொர்ராதினோ தஸ்கானியோ. இந்தியாவுல பஜாஜ் கம்பெனிக்கு 1959-ல் லைசென்ஸ் கிடைச்சதே இரண்டு சக்கரம், மூணு சக்கரம் இரண்டுக்கும் சேர்த்துத்தான். மாமா வெச்சிருந்த பஜாஜ் சூப்பருக்கு டயர் 3.50-8. ஆட்டோவுக்கு 4.00-8. ரிம் இரண்டுக்கும் எட்டு இஞ்ச். ஸ்கூட்டர் ரிம் இரண்டு பாதியா போல்ட் போட்டு இருக்கும், எந்த டயரையும் ஈஸியா மாட்டிடலாம்.

1988 ஐப்பசி மாசம். மாமாவுக்கு மறைமலைநகர்ல ஷிப்ட் வேலை, வீடு காட்டாங்குளத்தூர்ல. பின் டயர் மொழுக்குன்னு ஆயிடுச்சு. புது டயருக்குக் கையில காசு இல்லை, அக்கா பொண்ணு கல்யாணம் வேற. யாரோ ஒரு ஆட்டோ டயரைப் பாதி விலைக்குக் கொடுத்தாங்க. பட்டன் நல்லா இருக்குன்னு பார்த்து வாங்கி மாட்டினார். உரசியும் உரசாமலும் உட்கார்ந்துடுச்சு. ஒரு மாசம் ஜம்முனு ஓடுச்சு. மழை பெய்த ஒரு சாயங்காலம் ஜி.எஸ்.டி. ரோட்டுல இருந்து உள்ளே திரும்பினார். வேகம் கூட இல்லை. வண்டி அப்படியே வழுக்கி, மாமா தோளோட விழுந்தார். காறை எலும்பு முறிஞ்சது. அன்னிக்குப் பின்னால லாரி எதுவும் வரலை என்பது எங்க குடும்பத்து அதிர்ஷ்டம்.

ரொம்ப வருஷம் 'மழை, ரோடு'ன்னுதான் பேசிக்கிட்டோம். பிறகுதான் எனக்கு உறைச்சது. ஆட்டோ சாயாமலே ஓடற வண்டி. அதுல ஓடின டயர் நடுவுல தேய்ஞ்சு தட்டையாயிருக்கும். பட்டன் இருந்தது, உருண்டை இல்லை. தன் பழைய வண்டியோட பழக்கத்தை அந்த டயர் மாமா ஸ்கூட்டருக்கும் எடுத்துட்டு வந்திருக்கு.

வேடிக்கை என்னன்னா, 2005-ல் வந்த இந்தியத் தர நிர்ணயத்துல இரண்டு சக்கர, மூணு சக்கர டயர்கள் ஒரே நம்பர்ல (ஐ.எஸ். 15627) வருது. காருக்குத் தனியா 15633. காகிதத்துல ஆட்டோவும் ஸ்கூட்டரும் ஒரே குடும்பம். ரோட்டுல வேற வேற. எண்ணு பொருந்தினா ரிம்முல உட்காரும், அவ்வளவுதான். எந்த வண்டிக்குன்னு செஞ்ச டயர், எந்த வண்டியில தேய்ஞ்ச டயர் என்கிறது அந்த எண்ணுல எழுதியிருக்காது.

அந்தக் காலேஜ் பையன்கிட்ட இதை எல்லாம் சொல்ல நேரம் இல்லை. "உன் டயரைத் தடவிப் பாருப்பா, நடுவுல தட்டையா இருந்தா முதல்ல அதை மாத்து"ன்னு மட்டும் சொன்னேன். தினம் நேர் ரோட்டுலயே ஓட்டினா பைக்கோட சொந்த டயரே கார் டயர் மாதிரி தட்டையாகும், கவனிச்சிருக்கீங்களா?

மாமா அந்த ஸ்கூட்டரை வித்துட்டு, ரிட்டயர் ஆகற வரைக்கும் எலெக்ட்ரிக் ட்ரெயின்லதான் போனார். வலது கை இன்னமும் தோளுக்கு மேல சரியா ஏறாது. நான் பைக்ல அவர் வீட்டுக்குப் போனா, "வாடா"ன்னு கூப்பிடறதுக்கு முன்னாடி வாசல்லயே குனிஞ்சு, இடது கையால என் பின் டயரை ஒரு தடவு தடவிட்டுத்தான் உள்ளே விடுவார்.

நீங்களும் இன்னிக்கு ஒரு தடவை குனிஞ்சு தடவிப் பார்த்துடுங்களேன்.