சாட்சியின் நடையும் சாட்சியின் நிலையும்: கெலமங்கலத்திலிருந்து இணைய மதிப்புரைகளை நோக்குதல்

கெலமங்கலம் பக்கத்தில் தக்காளி நாற்று எடுப்பவர் விற்பவரின் பேச்சை மட்டும் நம்பிப் பணம் கொடுப்பதில்லை. போன பட்டத்தில் அதே ரகத்தை நட்டவரிடம் காய்ப்பு எப்படி என்று விசாரிப்பார். அந்தச் சாட்சிக்குத் தோட்டம் உண்டு. பொய் சொன்னால் நாளைக்கு முகத்தில் விழிக்க வேண்டிய நெருக்கடியும் உண்டு. அதே விவசாயி செல்போனில் ஒரு கைத்தெளிப்பான் வாங்கும்போது கிடைப்பவை சில ஸ்டார்களும் நாலு வரி 'ரிவ்யூ'வும்தாம். போலி மதிப்புரையை அதன் எழுத்து நடையைக் கொண்டே இனங்காணலாம் என்பது பரவலான அறிவுரை: பிழை மலிந்திருந்தால், புகழ்ச்சி மிகுந்திருந்தால், ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்தால் ஐயுற வேண்டும். இந்த அளவுகோல் பன்மொழி எல்லைப் பகுதியில் உண்மையான நுகர்வோரையே போலியாகக் காட்டிவிடும் என்பதும், ஆராய வேண்டியது சாட்சியின் நிலையையே என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

1. நடை என்னும் அளவுகோல்

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் இப்பகுதியில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் புழங்குகின்றன. செல்போன் பாகங்கள் செய்யும் டாடா எலெக்ட்ரானிக்ஸ் போன்ற ஆலைகள் வந்தபின் இந்தி பேசும் தொழிலாளரும் சேர்ந்துள்ளனர். இங்குள்ள ஒருவர் 'சூப்பர் ப்ரோ, வாங்கலாம்' என்று ரோமன் எழுத்தில் எழுதினால் அது சோம்பலான போலி போலத் தெரியும். உண்மையில் அதுதான் அவருடைய இயல்பான மொழி. மாறாக, பிழையற்ற ஆங்கிலப் பத்தியை இன்று எந்திரமே நொடியில் எழுதித் தந்துவிடுகிறது.

மனிதக் கண் இதில் தடுமாறும் என்பதற்கு ஆய்வுச் சான்று உண்டு. 2011இல் மைல் ஓட் குழுவினர் சிகாகோவின் 20 ஹோட்டல்கள் பற்றி 400 உண்மை மதிப்புரைகளையும், கூலி கொடுத்து எழுதுவித்த 400 போலிகளையும் கலந்து சோதித்தனர். படித்துப் பார்த்த மூவரில் சிறந்தவரே 62 விழுக்காட்டளவுதான் சரியாகச் சொன்னார். கணினி நிரல் 90 விழுக்காட்டை நெருங்கியது. போலிகளில் அறை, குளியலறை போன்ற இட விவரம் குறைந்து, 'நான்' என்பதும் யாரோடு, எதற்காகப் போனோம் என்பதும் மிகுந்திருந்தன. அங்கே போகாதவருக்கு இடத்தைச் சொல்ல வரவில்லை என்பது இதன் பொருள்.

2. கொள்முதல் முத்திரை

பொருள் கையில் உள்ளவரே பொய் எழுதினால் இந்தத் தடயமும் மறைந்துவிடும். ஹே, ஹாலன்பெக், பிரோசர்பியோ மூவரும் 2022இல் வெளியிட்ட ஆய்வு, பேஸ்புக் குழுக்கள் வழியே நடந்த போலி மதிப்புரைச் சந்தையை விவரிக்கிறது. வாங்குபவர் அமேசானில் பொருளை உண்மையிலேயே வாங்கி, ஐந்து ஸ்டார் போட்டு, விற்பவரிடமிருந்து பணத்தைத் திரும்பப் பெறுகிறார். 'வாங்கியது உறுதி' என்ற முத்திரையும் அவருக்குக் கிடைத்துவிடுகிறது. ஆனால் அந்த ஏற்பாடு நின்றபின் மதிப்பீடு சரிந்து, ஒரு ஸ்டார் புகார்கள் பெருகின.

ஆகவே வாக்கியத்தைவிடக் காலவரிசையே நம்பத்தக்க தடயம். ஐந்து ஸ்டார் மதிப்புரைகள் சில நாட்களில் குவிந்தனவா, அண்மையில் வந்தவை என்ன சொல்கின்றன, பழைய மதிப்புரைகள் இதே பொருளைத்தான் பேசுகின்றனவா என்று வாங்குபவர் பார்க்கலாம். கடைசிக் கேள்வி முக்கியமானது. ஒரு பொருளின் நற்பெயரை வேறொரு பொருளின் பக்கத்தில் ஒட்டவைத்ததற்காக அமெரிக்க வணிக ஆணையம் 2023இல் பவுன்டிஃபுல் நிறுவனத்திடம் 6 லட்சம் டாலர் வசூலித்தது.

3. எழுதும் கை

போலி எழுதுபவர் எப்போதும் ஏமாற்றுக்காரர் அல்லர். 'வீட்டிலிருந்தே வேலை, ஹோட்டலுக்கு ஸ்டார் போட்டால் பணம்' என்று டெலிகிராமில் வரும் அழைப்பு, முதலில் சிறு தொகை தந்து நம்பிக்கை ஊட்டி, பிறகு முன்பணம் கட்டச் சொல்லிச் சுருட்டுகிறது. இத்தகைய பகுதிநேர வேலை மோசடியில் ஈடுபட்ட 100க்கும் மேற்பட்ட இணையதளங்களை 2023 டிசம்பரில் மத்திய அரசு முடக்கியது. ஒப்பந்த வேலைக்கு இடையே கூடுதல் வருமானம் தேடுவோர் நிறைந்த தொழிற்பகுதிக்கு இது தொலைவான செய்தியன்று. இங்கே எழுதிய கையும் பறிகொடுத்த கையும் ஒன்றே.

4. சட்டம் தருவதும் தராததும்

விற்பவர் நுகர்வோர் வேடமிட்டு மதிப்புரை எழுதுவதை 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் தடுக்கின்றன. 2022 நவம்பரில் இந்தியத் தர நிர்ணய அமைவனம் வெளியிட்ட ஐஎஸ் 19000 தரநிலை, எழுதியவரைத் தளங்கள் சரிபார்க்கும் முறைகளை வகுத்தது. ஆனால் அதைப் பின்பற்றுவது தளங்களின் விருப்பத்துக்கு விடப்பட்டது. 2024இல் அதைக் கட்டாயமாக்கும் வரைவை அரசு முன்வைத்தது. அமெரிக்காவில் அதே ஆண்டு அக்டோபரிலும், பிரிட்டனில் 2025 ஏப்ரலிலும் போலி மதிப்புரைத் தடை நடைமுறைக்கு வந்தது.

கடுமையான சரிபார்ப்பு எளியோரின் வாயை அடைக்கும் என்ற மறுப்பு எழலாம். மகனின் கணக்கில் தாய் வாங்கும் வீடுகளில் அது நியாயமான அச்சமே. அதனால்தான் சரிபார்ப்பு, பெயரையும் மொழியையும் விட்டுவிட்டு, கொள்முதல் நடந்ததா, பணம் திரும்பியதா என்பவற்றின் மேல் நிற்க வேண்டும்.

2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி வாங்கியவர் தாம் வசிக்கும் இடத்திலேயே வழக்குத் தொடரலாம். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கியவற்றுக்குக் கட்டணமும் இல்லை. கெலமங்கலத்துக்காரர் பெங்களூருக்கு அலையாமல் கிருஷ்ணகிரி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். ஆனால் அங்கே எதைக் காட்டுவார்? ஸ்டார்கள் எந்தக் கணக்குகளிலிருந்து எந்த நேரத்தில் வந்தன என்ற பதிவு தளத்தின் கையில் இருக்கிறது. தரநிலையைக் கட்டாயமாக்கும்போது அந்தப் பதிவை ஆணையம் கேட்டால் ஒப்படைக்கும் கடமையையும் சேர்க்காவிட்டால், போலியைச் சரியாக இனங்கண்டவரும் வெறுங்கையோடுதான் ஊர் திரும்புவார்.