குமிழிப் பாடலும் அதன் பிறப்புக் கதையும்

வாய்மொழி வழக்காறுகளை ஆராய்வோர் ஏற்றப்பாட்டு, தாலாட்டு, ஒப்பாரி ஆகியவற்றிற்குத் தந்த கவனத்தை விளையாட்டரங்கில் திரளும் மக்களின் பாடல்களுக்குத் தந்திலர். பல்லாயிரவர் ஒரே குரலாய்ப் பாடும் அப்பாடல்களை அரங்கிற்குக் கொணர்ந்தவர் யார் என்னும் வினாவிற்கு விடை காண்பது அத்துணை எளிதன்று. கிழக்கு இலண்டனைச் சேர்ந்த வெஸ்ட் ஹாம் யுனைடெட் கால்பந்துக் கழகத்தின் இரசிகர்கள் பாடிவரும் 'ஐம் ஃபாரெவர் புளோயிங் பபிள்ஸ்' என்னும் பாடலை முன்வைத்து இவ்வினாவை இக்கட்டுரை அணுகுகின்றது.

இப்பாடல் மக்களிடையே தானே முளைத்த ஒன்றன்று. நியூயார்க்கில் 1918இல் அரங்கேறிய இசைநாடகமொன்றில் இடம்பெற்று, 1919இல் அச்சேறியது. இசையமைத்தவர் ஜான் கெல்லெட். பாடலாசிரியராக அச்சில் காணப்படும் கென்புரோவின் என்பார் உண்மையில் ஒருவர் அல்லர். கென்டிஸ், புரோக்மன், வின்சென்ட் என்னும் மூவர் தத்தம் பெயர்களின் முதற்பகுதிகளை இணைத்துப் புனைந்த பெயர் அது. மூவரும் வெவ்வேறு பதிப்பகத்தாரோடு ஒப்பந்தம் செய்திருந்தமையே இதற்குக் காரணம். அச்சுச் சான்று தெளிவாக உள்ள பாடலிலேயே ஆசிரியர் பெயர் இங்ஙனம் மறைந்து நிற்கின்றது.

பாடல் கழகத்தை வந்தடைந்தமைக்கு வழங்கும் கதை சுவையானது. ஓவியர் மில்லே 1886இல் தீட்டிய, சோப்புக் குமிழியை நோக்கும் சிறுவனின் ஓவியம் பியர்ஸ் சோப்பு விளம்பரத்தால் பிரித்தானியா முழுதும் அறிமுகமாயிற்று. அச்சிறுவனை ஒத்த சுருள்முடி கொண்ட பள்ளி மாணவன் ஒருவனுக்குக் 'குமிழி' என்பது பட்டப்பெயர். அவன் கால்பந்து ஆடுகையில் தலைமையாசிரியர் கார்னீலியஸ் பீல் இப்பாடலின் மெட்டில் பாடினாராம். அவர்தம் நண்பரும் பின்னாளில் கழக மேலாளராக விளங்கியவருமான சார்லி பெயின்டர் வழியாகப் பாடல் கழக அரங்கினுள் புகுந்ததாம்.

ஓவியத்தையும் பாடலையும் பிணைப்பது குமிழி என்னும் ஒரு சொல்லே. செம்புலப்பெயனீராருக்கு அவர்தம் பாட்டுத் தொடரே பெயராயிற்று. இங்கோ ஒரு சொல்லைச் சுற்றி வரலாறே புனையப்பட்டுள்ளது எனக் கருத இடமுண்டு. கதையில் வருவோர் மெய்யான மனிதராதல் கூடும். அதனாலேயே கதை முழுதும் மெய்யாகிவிடாது.

அக்காலச் செய்தித்தாள்கள் வேறொரு திசையைக் காட்டுகின்றன. 1920களின் தொடக்கத்தில் இப்பாடலைப் பாடியோராக அவை குறிப்பவர்கள் வேல்சு நாட்டின் ஸ்வான்சி டவுன் கழக இரசிகர்கள். அவ்விரு கழகங்களும் 1922இல் கோப்பைப் போட்டியில் மோதின. மூன்றாம் ஆட்டத்தில்தான் முடிவு கிட்டியது. பாடல் அப்போது கைமாறியிருக்கலாம் என்பது ஒரு கருத்து. எனினும் இசையரங்குகளின் வாயிலாக நாடெங்கும் பரவியிருந்த ஒரு பாடலுக்கு ஒரே வழியைத் தேடுவது பொருந்துமா என்பது ஐயமே. வெஸ்ட் ஹாம் இரசிகரோடு பாடலை இணைக்கும் செய்தி 1940ஆம் ஆண்டுப் போர்க்காலக் கோப்பையின் இறுதியாட்டத்தை ஒட்டியே கிடைக்கின்றது. பள்ளிக் கதை குறிக்கும் காலத்திற்கும் இதற்கும் இடையே ஏறத்தாழ இருபது ஆண்டுகள் உள்ளன. மரபு தன் வயதைக் கூட்டிச் சொல்வது ஆய்வாளர் பலமுறை கண்ட இயல்பே. ஆயினும் இங்கு அதனால் இழப்பு எய்துவோரும் உளர்: முன்னரே பாடிய ஸ்வான்சி இரசிகர்களைக் கதை அடியோடு மறந்துவிடுகின்றது.

பாடற்பொருளும் நோக்கத்தக்கது. உயர எழும் குமிழிகள் கனவுகளைப்போல் மங்கி மறைவதே அதன் உள்ளடக்கம். வெற்றி முழக்கத்திற்குச் சிறிதும் பொருந்தாத இப்பொருளை, ஒருமுறையேனும் நாட்டின் முதல்நிலைக் கூட்டிணைப் பட்டத்தை வெல்லாத கழகத்தார் விரும்பி ஏற்றமை வியப்பன்று. 1964, 1975, 1980 ஆகிய ஆண்டுகளில் கோப்பையை வென்றபோதும் அவர்கள் வேறு பாடலைத் தேடவில்லை.

மூலப்பாடலின் முன்பகுதிகள் அரங்கில் வழக்கொழிந்தன. பல்லவி மட்டுமே நிலைத்தது. அதிலும் பாடவேறுபாடு உண்டு. குமிழிகள் ஏறத்தாழ வானைத் தொடுவதாக மூலம் கூற, இரசிகர் பலர் 'ஏறத்தாழ' என்பதை நீக்கி, வானைத் தொட்டுவிட்டதாகவே பாடுகின்றனர். இதனை மறதி என்று ஒதுக்கிவிட இயலவில்லை. இம்மாற்றம் எப்போது நுழைந்தது என்பதை அறுதியிட, கழக வீரர்களே பாடி 1975இல் வெளியிட்ட இசைத்தட்டு தொடங்கி, அரங்க ஒலிப்பதிவுகளைக் கால வரிசைப்படி கேட்டு ஒப்பிடல் வேண்டும்.