நிதானம்: காதிரைச்சலின் காரணம் தேடியோர் வரலாறு

சென்ற ஆடி மாதம் ஒரு நள்ளிரவில் களமசேரியில் மின்சாரம் நின்றது. மின்விசிறி ஓய்ந்த அமைதியில் இடது காதில் ஓர் ஒலி கேட்டது. சில்வண்டின் ஒலி போன்று, ஏற்ற இறக்கமின்றி, இடைவிடாமல். சன்னலை மூடினேன், குறையவில்லை. காதைப் பொத்தினேன், கூடியது. ஒலி வெளியில் இல்லை, என்னுள் இருக்கிறது என்று அறிந்த அந்தக் கணத்தின் அச்சத்தை இன்றும் மறக்க இயலவில்லை.

காலையில் வீட்டுக்கார அம்மையார், "செவியில் மூளலோ?" என்று கேட்டார். மலையாளத்தில் அது மூளல், தமிழில் காதிரைச்சல், மருத்துவர்கள் டின்னிட்டஸ் என்பர். வரலாற்று ஆய்வாளர்களுக்கு ஒரு தீய பழக்கம் உண்டு. நோய் வந்தால் மருத்துவரிடம் செல்லுமுன் நூலகத்துக்குச் செல்வோம். அவ்வாறு ஐந்து நாட்களைக் கழித்தேன். அதற்கு நான் கொடுத்த விலையை இறுதியில் சொல்கிறேன். முதலில், இந்த ஒலியின் காரணத்தைத் தேடியவர்களின் கதை.

ஏழு, எட்டாம் நூற்றாண்டளவில் தொகுக்கப்பட்ட மாதவநிதானம் நோய்களின் காரணங்களையும் குறிகளையும் ஆராயும் வடமொழி நூல். வாயு செவித்துளையில் தங்கும்போது பேரிகை, மத்தளம், சங்கு போன்ற ஒலிகள் கேட்கும் என்றும், அது கர்ணநாதம் எனப்படும் என்றும் அந்நூல் கூறுகிறது. வாயு பித்தம் முதலியவற்றுடன் கூடிக் குழலோசை போல் ஒலித்தால் அது கர்ணக்ஷ்வேடம். விளக்கம் இன்று செல்லாது. ஆயினும் நோயாளி கேட்கும் ஒலியைப் பொய்யென்று தள்ளாமல், அதன் தன்மையை விசாரித்து வகைப்படுத்திய முறை கவனத்துக்குரியது. 'நிதானம்' என்ற சொல்லுக்கு மூலகாரணம் என்று பொருள். தமிழில் நாம் அதைப் பெரிதும் பொறுமை என்ற பொருளிலேயே வழங்குகிறோம். இந்நோய்க்கு இரண்டும் தேவைப்படுகின்றன.

காரணத்தை உடலுக்கு வெளியே தேடியவர் இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமஸ்ஸினி. தொழில்களால் வரும் நோய்களைப் பற்றி 1700இல் அவர் வெளியிட்ட நூலில், வெனிஸ் நகரத்துச் செம்புக் கொல்லர்கள் நாள் முழுவதும் சம்மட்டி ஒலியில் வாழ்ந்து செவிடாவதைப் பதிவு செய்தார். நோயாளியிடம் மருத்துவர் கேட்கவேண்டிய கேள்விகளுடன் "என்ன தொழில் செய்கிறீர்?" என்பதையும் சேர்த்தவர் அவரே. களமசேரியையும் அடுத்துள்ள ஏலூரையும் போன்ற தொழிற்சாலைப் பகுதிகளில் அக்கேள்வியின் அருமை புரியும். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில், அறிவிக்கப்படவேண்டிய நோய்களுள் இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பும் இடம்பெற்றிருந்தது. அவ்விழப்புடன் காதிரைச்சலும் பெரும்பாலும் சேர்ந்தே வருகிறது.

பின்னர் தேடல் காதின் உள்ளே சென்றது. பாரிஸ் நகரத்துக் காதுகேளாதோர் நிறுவனத்தின் மருத்துவர் இத்தார் 1821இல் காது நோய்கள் பற்றிய பெருநூலை வெளியிட்டார். இரத்த ஓட்டம் போன்ற உண்மையான ஓர் ஒலி உடலுக்குள் எழுந்து காதில் விழுவது ஒரு வகை. எவ்வொலியும் இன்றியே கேட்பது மற்றொரு வகை என்று அவர் பிரித்தார். நாடித்துடிப்போடு சேர்ந்து ஒலிக்கிறதா என்று மருத்துவர்கள் இன்றும் கேட்பது இந்தப் பிரிவினையின் வழியே. அதே நிறுவனத்தில் பணியாற்றிய மெனியேர், தலைசுற்றலும் செவிட்டுத்தன்மையும் இரைச்சலும் சேர்ந்து வரும் நோய் மூளையில் இரத்தம் தேங்குவதால் வருவதன்று, உட்செவியிலிருந்து எழுவது என்று 1861இல் எடுத்துரைத்தார்.

இனி நம் மலைகளுக்கு வருவோம். இந்த வரலாற்றில் என்னை மிகவும் ஆட்கொண்ட பகுதி நீலகிரியைச் சேர்ந்தது. சின்கோனா மரப்பட்டையிலிருந்து குவினைனை 1820இல் பாரிஸில் பிரித்தெடுத்தனர். நம் பெரியவர்கள் கொய்னா என்று சொல்லி முகம் சுளித்த கசப்பு மருந்து அதுவே. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைச்சரிவுகளில் வளர்ந்த அம்மரத்தின் விதைகளையும் நாற்றுகளையும் கொண்டுவர 1859-60இல் கிளெமென்ட்ஸ் மார்க்கம் அனுப்பப்பட்டார். உதகமண்டலத்து அரசுத் தோட்டத்தின் மேற்பார்வையாளர் மக்கைவர் அவற்றை வளர்த்தார். தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் தோட்டங்கள் எழுந்தன. 1866இல் பட்டையின் சத்துக்களை ஆராய ஜான் பிராட்டன் என்ற வேதியியலாளர் அமர்த்தப்பட்டார். வயநாட்டுத் தோட்டங்களுக்குப் பிழைக்கச் சென்ற தமிழ்த் தொழிலாளர்களை மலைக்காய்ச்சல் வாரிக்கொண்டு போன காலம் அது. வங்கத்தில் 1892 முதல் குவினைன் பொட்டலங்கள் அஞ்சலகங்களிலேயே விற்கப்பட்டன.

இந்த மருந்து போதிய அளவில் உடலில் சேர்ந்ததும் காதில் இரைச்சலை எழுப்பும். தலைவலி, குமட்டல், பார்வை மங்கல் ஆகியவையும் வரலாம். மருத்துவர்கள் இதற்குச் சின்கோனிசம் என்று பெயரிட்டனர். அந்த இரைச்சலை மருந்து உடலில் பிடித்துக்கொண்டதன் அடையாளமாகவே பலர் கருதினர். மருந்தை நிறுத்தினால் அது பெரும்பாலும் தணிந்துவிடும். 1870களில் மூட்டுவாதத்துக்கு வழங்கப்பட்ட சாலிசிலேட் மருந்திலும் இதே கதைதான். காதில் ஒலி எழும்வரை அளவைக் கூட்டி, பின் சற்றே குறைப்பது நெடுங்கால வழக்கமாயிருந்தது.

இதை வாசித்தபோது ஒன்றை எண்ணிப் பார்த்தேன். காய்ச்சலில் கிடக்கும் ஒருவனுக்குக் கேட்கும் இரைச்சலும் எனக்குக் கேட்பதும் ஏறத்தாழ ஒன்றே. அவனிடம் மருத்துவர், "அது மருந்தின் ஒலி, காய்ச்சல் இறங்கும்" என்று சொல்ல முடிந்தது. என்னிடம் சொல்ல எவருமில்லை. அவனுக்கு நற்குறியானது எனக்கு அச்சமாயிற்று. காதில் விழும் ஒலியின் அளவு வேறு, அது தரும் துன்பத்தின் அளவு வேறு. இரண்டுக்கும் இடையில் நிற்பது காரணம் பற்றிய அறிவு.

இருபதாம் நூற்றாண்டின் ஆய்வுகள் இவ்வெண்ணத்துக்கு வலுச் சேர்க்கின்றன. 1953இல் ஹெல்லர், பெர்க்மன் இருவரும் செவித்திறன் குறையாத 80 பேரை ஒலிபுகா அறையில் அமர வைத்து, என்ன கேட்கிறது என்று வினவினர். 94 விழுக்காட்டினர் ஏதோ ஓர் ஒலியைக் கேட்டதாகக் கூறினர். எல்லாச் செவிகளிலும் ஏதோ ஒன்று ஒலிக்கக்கூடும். அன்றாட ஓசை அதை மூடியிருக்கிறது. மூளை அவ்வொலியை ஆபத்தின் குறியாக எடுத்துக்கொண்டு அதன்மேல் கவனத்தைக் குவிப்பதே துன்பத்தை நிலைக்கச் செய்கிறது என்ற கோட்பாட்டை ஜாஸ்ட்ரபோஃப் 1990இல் முன்வைத்தார். இன்றைய சிகிச்சைகள் பலவும் இந்த அச்சத்தைத் தணிப்பதையே நோக்கமாகக் கொண்டுள்ளன.

காரணம் அறியாமலே மனிதர் கண்டடைந்த ஆறுதல் ஒன்றும் உண்டு. அரிஸ்டாட்டில் பெயரில் வழங்கும் வினாத்தொகுப்பு நூல், வெளியே ஓர் ஒலி எழுந்தால் காதின் ரீங்காரம் ஏன் ஓய்கிறது என்று கேட்டு, பெரிய ஒலி சிறியதை விரட்டுவதால் என்று விடை கூறுகிறது. இத்தார் தம் நோயாளிகளை ஈரவிறகு சடசடக்கும் அடுப்பருகே அமரச் சொன்னார். 1970களில் அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரில் சார்லஸ் யூனிஸ் என்ற மருத்துவர், தமக்கிருந்த இரைச்சல் ஒரு நீரூற்றின் அருகே நின்றபோது கேட்கவில்லை என்பதை உணர்ந்தார். உடன் நின்ற ஆய்வாளர் ஜாக் வெர்னன் அதிலிருந்தே காதில் அணியும் ஒலிக்கருவியை உருவாக்கத் தூண்டுதல் பெற்றார். எனக்கு அந்த நீரூற்றாக அமைந்தது களமசேரியின் மழை. ஓட்டுக்கூரைமேல் மழை விழும் இரவுகளில் உறங்கினேன். மழையற்ற இரவுகளில் மேசை விசிறியை ஓடவிட்டேன்.

இனி, முதலில் சொன்ன விலை. ஆறாம் நாள் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் சென்றேன். உண்ணும் மருந்துகளைக் கேட்டார், தொழிலைக் கேட்டார். ராமஸ்ஸினியின் கேள்வி என் முறைக்கு வந்ததை எண்ணிச் சிரிப்பு வந்தது. செவித்திறன் சோதனை முடிந்ததும் சிரிப்பு நின்றது. இடது காதின் கேட்கும் திறன் திடீரெனக் குறைந்திருந்தது. இரைச்சலையே கவனித்துக்கொண்டிருந்த நான் அதை உணரவில்லை. இத்தகைய இழப்புக்கு ஸ்டீராய்டு மருந்தை இயன்றவரை விரைவில், இரண்டு வாரங்களுக்குள் தொடங்க வேண்டும் என்றும், நாள் கடக்கக் கடக்கப் பயன் குறையும் என்றும் விளக்கினார். இழந்ததில் ஒரு பகுதி திரும்பியது. முதல் நாளே சென்றிருந்தால் மீதியும் திரும்பியிருக்குமா என்ற கேள்விக்கு விடையில்லை. காரணமும் தெரியவில்லை, இவ்வகை இழப்புகளுள் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் அகப்படுவதில்லை என்றார்.

ஒலி இன்னும் இருக்கிறது. இதை எழுதும்போதும் கேட்கிறது. ஆனால் அதைக் கேட்டு நான் இப்போது சன்னலை மூடுவதில்லை.

நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். திடீரென ஒரு காதில் இரைச்சல் தோன்றினால், அல்லது ஒரு காது அடைத்ததுபோல் இருந்தால், அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள். நூலகம் மறுநாளும் திறந்திருக்கும்.