கெடாவில் உளவும் நெருக்கடியும்: 1941 முதல் 1960 வரை

கெடா மாநிலம் இருபது ஆண்டுகளுக்குள் இரண்டு பெரும் பாதுகாப்பு நெருக்கடிகளைக் கண்டது. முதலாவது, 1941 டிசம்பரில் தாய்லாந்து எல்லை வழியாக வந்த ஜப்பானியப் படையெடுப்பு. அடுத்தது, மலாயா கம்யூனிஸ்ட் கட்சியின் ஆயுதக் கிளர்ச்சியை அடக்க அறிவிக்கப்பட்டு 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலம். இரண்டிலும் அரசு எந்த வழியில் இறங்கியது என்பதை அதன் கையிலிருந்த உளவுத் தகவலே பெரிதும் தீர்மானித்தது.

ஜப்பானியரை முந்திக்கொண்டு தாய்லாந்துக்குள் புகுந்து சிங்கோரா துறைமுகத்தைப் பிடிப்பதே பிரிட்டிஷாரின் ‘மேட்டடோர்’ திட்டம். டிசம்பர் 6 அன்று ஆஸ்திரேலிய வேவு விமானங்கள் ஜப்பானியக் கப்பல் அணியைக் கண்டு தகவல் அனுப்பின. ஆனால் அது எங்கே போகிறது என்பது உறுதியாகத் தெரியவில்லை. தாய்லாந்தின் நடுநிலையை முதலில் மீறியவர் என்ற பழிக்கும் அஞ்ச வேண்டியிருந்தது. தலைமைத் தளபதி புரூக்-பாப்ஹம் தயங்கினார். 8ஆம் தேதி ஜப்பானியர் கரையிறங்கிவிட்டனர். எல்லை தாண்டக் காத்திருந்த 11ஆவது இந்திய டிவிஷன், கெடாவின் ஜித்ராவில் வேலை முடியாமல் மழைநீர் தேங்கிக் கிடந்த பதுங்குகுழிகளுக்குத் திரும்பியது. 13ஆம் தேதிக்குள் ஜித்ரா வீழ்ந்தது.

ஜப்பானியர் இந்தியச் சிப்பாய்களின் மனக்குறையையும் அறிந்து வைத்திருந்தனர். ஜப்பானிய உளவு அதிகாரி மேஜர் ஃபுஜிவாரா, பாங்காக்கிலிருந்த இந்திய விடுதலைப் போராளி கியானி பிரீத்தம் சிங்கின் துணையோடு அவர்களைத் தம் பக்கம் இழுக்கும் வேலையை முன்கூட்டியே தொடங்கியிருந்தார். ஜித்ராவில் தோற்ற படையின் கேப்டன் மோகன் சிங்கை அவர் அலோர் ஸ்டாரில் சந்தித்துப் பேசினார். இந்திய தேசிய இராணுவத்துக்கு வித்திட்டது அந்தப் பேச்சுதான்.

போருக்குப் பின் மலாயா பாதுகாப்புச் சேவை என்ற அமைப்பு உளவு திரட்டியது. 1947இல் பீடோங், கூலிம் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தங்களும் போலீஸ் மோதல்களும் நடந்தன. கம்யூனிஸ்டுகள், மலாய் தேசியவாதிகள், இந்தியத் தொழிலாளர் இயக்கங்கள் என எல்லாவற்றைப் பற்றியும் அச்சேவையின் அறிக்கைகள் எச்சரித்தன. ஆனால் எது உடனடி ஆபத்து என்று பிரித்துச் சொல்லத் தவறின. 1948 ஜூனில் அவசரகாலம் வந்தது. ஆகஸ்டில் அச்சேவை கலைக்கப்பட்டது.

யார் எதிரி என்று தெரியாத அரசின் கை எல்லார் மீதும் விழுந்தது. ஆயிரக்கணக்கானோர் விசாரணையின்றித் தடுத்து வைக்கப்பட்டனர், பலர் நாடுகடத்தப்பட்டனர். தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ. கணபதி 1949 மே 4 அன்று தூக்கிலிடப்பட்டார். சிதறிக் கிடந்த தோட்ட லயங்களும் காட்டோரக் குடியிருப்புகளும் ஒருங்கே சேர்க்கப்பட்டு முள்வேலிக்குள் வந்தன. காட்டிலிருந்த கெரில்லாக்களுக்கு அரிசி போகாமல் தடுக்க, பால்மரம் வெட்டப் புறப்படுவோரை வாசலில் சோதனையிட்டார்கள். கட்டுப்பாடு கடுமையான இடங்களில் மதியச் சோற்றைக்கூடக் கொண்டுபோக முடியவில்லை.

1952இல் டெம்ப்ளர் உயர் ஆணையராக வந்தபின் போக்கு மாறியது. போலீஸின் உளவுப் பிரிவான ஸ்பெஷல் பிராஞ்ச் குற்றப் புலனாய்வுத் துறையிலிருந்து பிரிக்கப்பட்டுத் தனித் துறையானது. அதற்கெனப் பயிற்சிப் பள்ளியும் திறக்கப்பட்டது. சரணடைந்த கெரில்லாக்கள் தந்த தகவல்கள் படைக்கு வழிகாட்டின. மாவட்டந்தோறும் போலீஸ், இராணுவம், சிவில் அதிகாரிகள் ஒன்றாக அமர்ந்து திட்டமிடுவதும் தொடர்ந்தது.

1955 டிசம்பர் 28, 29 தேதிகளில் கெடாவின் பாலிங் பட்டணத்தில் மலாயா முதலமைச்சர் துங்கு அப்துல் ரஹ்மான், சிங்கப்பூர் முதலமைச்சர் டேவிட் மார்ஷல், மலாயா சீனர் சங்கத் தலைவர் டான் செங் லாக் ஆகியோர் மலாயா கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் சின் பெங்கைச் சந்தித்தனர். சரணடைவோர் விசாரிக்கப்படுவர் என்ற நிபந்தனையைச் சின் பெங் ஏற்கவில்லை, பேச்சு முறிந்தது. அவசரகாலம் 1960 ஜூலை 31 அன்று முடிவுக்கு வந்தது.

1941இல் தகவல் வந்தும் முடிவு வரவில்லை. 1948இல் அறிக்கைகள் குவிந்தும் தெளிவு பிறக்கவில்லை. 1952க்குப் பின்னரே தகவலும் நடவடிக்கையும் ஒன்றோடொன்று இணைந்தன. அதற்குள் உளவின் குறைக்கு அதிக விலை கொடுத்தவர்கள், எந்தப் படையிலும் சேராத தோட்டத் தொழிலாளர்களும் காட்டோரக் குடியேறிகளுமே.